விற்றமின் டியை வாங்கிக்கொள்வது யார்?



விஞ்ஞானச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் போட்டால் மண்டபத்தின் பின்வரிசைதான் முதலில் நிறையும். எனக்கு அது பழக்கம். பின்னால் இருப்பவர்களுக்கும் விளங்கும்படி பேசப் பார்க்கிறேன்.

புறக்கோட்டையில் இருந்த சென். ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் களனி ஆற்றைத் தாண்டி இந்தப் பேலியகொடைக்கு வந்தது. அன்றுமுதல் கொழும்பு சாப்பிடும் மீனுக்குப் பேலியகொடைதான் வாசல். இரவில் லொறிகள் வரும். ஊர் விழிக்கும் நேரத்தில் மொத்த வியாபாரம் முடியும் தறுவாயில் இருக்கும். சூரை, சாளை, கீரி என்று அங்கே இறங்குகிற கொழுப்பு மீன்கள் விற்றமின் டி உள்ள மிகச்சில உணவுகளில் அடங்கும். அந்தப் பெட்டிகளைத் தூக்குகிறவரோ பகலில் நித்திரை கொள்கிறார். மீனைக் கையில் தூக்குவதால் விற்றமின் உடம்பில் ஏறாது. பகலெல்லாம் படுத்திருப்பவருக்கு வெயிலும் கிடைக்காது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் சித்திரை மாதத்திலும் அவருக்கு அது எட்டாத பொருள்தான்.

விற்றமின் டி பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. வெயிலில் நில்லுங்கள், மீன் சாப்பிடுங்கள், இரத்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள், குறைந்தால் குளிசை போடுங்கள். தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் இது பாதிக் கதை. லொறி வந்து நின்றதும் மீன் விற்றுவிடுவதில்லை; எந்த மீன் எவ்வளவு எந்தக் கடைக்கு என்று தீர்மானிக்கிறவர் உள்ளே இருக்கிறார். நம் கலங்களுக்குள் அந்த வேலையைச் செய்வது ஒரு புரதம். விற்றமின் டி வாங்கி என்று அதற்குப் பெயர். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் விற்றமின் அதனிடம் வந்து சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் தோலில் கொலஸ்திரோலுக்கு நெருங்கிய உறவான ஒரு மூலக்கூறு இருக்கிறது. ஏறத்தாழ 290 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள கழியூதாக் கதிர் பட்டால் அதன் வளையங்களில் ஒன்று உடையும். உடம்புச் சூட்டில் அது மெல்ல விற்றமின் டி3 ஆக மாறும். யன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. ஆகவே காரியாலயத்துக்குள் விழும் வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுத்து ஈரல் அதில் ஒரு ஹைட்ரொக்சில் கூட்டத்தைச் சேர்க்கும். ஆய்வுகூடம் இரத்தத்தில் அளந்து உங்களிடம் நீட்டுகிற எண் இந்த நிலையிலுள்ள பொருளின் எண். ஆனால் இது இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை. சிறுநீரகம் இரண்டாவது ஹைட்ரொக்சில் கூட்டத்தைச் சேர்த்தபிறகுதான் கல்சிட்ரியோல் பிறக்கிறது. வாங்கிக்கு ஏற்ற பொருள் கல்சிட்ரியோல். இரத்தத்தில் அது ஈரல் தயாரித்த பொருளின் ஆயிரத்தில் ஒரு பங்களவே இருக்கும். முன்னது வாரக்கணக்கில் தங்கும். கல்சிட்ரியோல் சில மணித்தியாலங்களில் மறைந்துவிடும். உண்மையில் அது ஓர் ஓமோன். விற்றமின் என்ற பெயர் 1920களில் ஒட்டிக்கொண்டது, பிறகு உரிந்து விழவேயில்லை.

1969இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் மார்க் ஹவுஸ்லரும் அந்தனி நோர்மனும் கோழிக்குஞ்சின் குடற்கலங்களை ஆராய்ந்தனர். உட்சென்ற விற்றமினின் ஒரு வடிவம் கலத்தின் கருவுக்குப் போய், நிறமூர்த்தப் பொருளோடு இருந்த ஏதோ ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. அது கல்சிட்ரியோல்தான் என்பது 1971இல் தெளிவானது. மனித வாங்கியின் அமினோவமில வரிசை முழுவதும் தெரியவர 1988 ஆயிற்று. 427 அமினோவமிலங்கள், அதற்கான பரம்பரையலகு 12ஆம் நிறமூர்த்தத்தில். சிலருக்கு இந்தப் புரதம் மூன்று அமினோவமிலங்கள் குறைந்து 424 ஆக இருக்கும். அந்தக் குட்டை வடிவம் சற்றுச் சுறுசுறுப்பானது. இப்படியான சிறு வேற்றுமைகளை வைத்து உலகமெங்கும் எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பாதியாவது எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இந்தப் புரதத்துக்கு இரண்டு முக்கிய பகுதிகள். ஒன்று டிஎன்ஏயைப் பிடிக்கும் பகுதி. அதில் இரண்டு நாக அணுக்கள், ஒவ்வொன்றும் நான்கு சிஸ்டெயின் அமினோவமிலங்களால் இறுக்கப்பட்டு, விரல் வடிவான இரண்டு மடிப்புகளை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. மற்றது கல்சிட்ரியோலை ஏற்கும் குழி. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் டினோ மொராஸின் குழு இந்தக் குழியின் பளிங்கு அமைப்பை எக்ஸ் கதிரால் படம்பிடித்தது. சுருள் சுருளான அமினோவமிலத் தண்டுகள் சூழ்ந்திருக்க, நடுவே கல்சிட்ரியோல் கிடக்கிறது. அது உள்ளே வந்ததும் கடைசிச் சுருள், அதாவது பன்னிரண்டாவது சுருள், குழியின்மேல் மூடியாகப் படிகிறது. மருந்தியல்காரர்கள் இரவுபகலாக ஆராய்வது இந்தப் பன்னிரண்டாவது சுருளைத்தான். அது படிந்த நிலையில்தான் புரதத்தின் வெளிப்பரப்பில் ஒரு புதிய பள்ளம் உருவாகிறது, துணைப் புரதங்கள் வந்து பொருந்துவதற்கான பள்ளம். கல்சிட்ரியோல் வெளியே எதையும் தொடுவதில்லை. அது உள்ளே போய்ப் படுத்ததால் வாங்கியின் வெளித்தோற்றம் மாறுகிறது, அவ்வளவுதான்.

வாங்கி தனியாக வேலை செய்யாது. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு வாங்கியோடு சோடி சேர வேண்டும். இந்த ஆர்எக்ஸ்ஆர் விற்றமின் ஏ குடும்பத்துக்கு உறவு. தைரொயிட்டு ஓமோன் வாங்கிக்கும் இதுவே சோடி. அப்படியானால் டிஎன்ஏயில் யார் எந்த இடத்தில் உட்காருவது? 1991இல் கசுஹிகோ உமெசோனோவும் ரொனால்ட் எவன்சும் கண்ட விடையின் எளிமை என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஏ, ஜி, ஜி, ரி, சி, ஏ என்பதுபோன்ற ஆறெழுத்து வரிசை அடுத்தடுத்து இரண்டு முறை வரும். இரண்டுக்கும் நடுவே மூன்றெழுத்து இடைவெளி இருந்தால் அது விற்றமின் டி வாங்கியின் இருக்கை. நான்கெழுத்து இருந்தால் தைரொயிட்டு ஓமோனுக்குரியது. ஐந்தானால் விற்றமின் ஏயின் அமிலத்துக்குரியது. பின்னாளில் விதிவிலக்குகள் வந்தன. ஆனாலும் மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் நாளில் வகுப்பில் சத்தமே இராது.

சோடி இருக்கையில் அமர்ந்ததும், பரம்பரையலகை அடைத்து வைத்திருந்த புரதங்கள் விலகும். திறந்துவிடும் புரதங்கள் வந்து கூடும். டிஎன்ஏயைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்கள் இளகும். பிரதியெடுக்கும் நொதியம் ஓடத் தொடங்கும். சிறுகுடற் கலத்தில் இதன் விளைவாகக் கல்சியத்தை உள்ளே விடும் வாயிற்புரதமும், அதை மறுகரைக்குக் கொண்டுசெல்லும் கல்பின்டினும், அங்கிருந்து இரத்தத்துக்குள் தள்ளும் பம்பியும் உற்பத்தியாகின்றன. விற்றமின் டி இல்லாவிட்டால் நாம் சாப்பிடும் கல்சியத்தில் 10 முதல் 15 சதவீதமே உடம்பில் சேரும். போதியளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம் சேரும். பராதைரொயிட்டுச் சுரப்பியிலோ இதே வாங்கி நேர்மாறாக ஒரு பரம்பரையலகை அடக்கி, அந்தச் சுரப்பியின் ஓமோனைக் குறைக்கிறது. எந்தக் கலத்தில் எந்தப் பகுதி முன்பே திறந்திருக்கிறது, எந்தத் துணைப் புரதங்கள் கைவசம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. 2010இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த சிறீராம் ராமகோபாலனும் சகாக்களும் ஒருவகை வெண்குருதிக் கலங்களில் இந்த வாங்கி அமரும் இடங்களை எண்ணினார்கள்: 2,776. ஆனால் கல்சிட்ரியோல் கொடுத்தபோது உற்பத்தி மாறிய பரம்பரையலகுகள் 229 மட்டுமே. அமர்ந்த இடத்திலெல்லாம் அது காரியம் பார்ப்பதில்லை.

வாங்கி மிகப் பலமாகத் தூண்டிவிடும் பரம்பரையலகு ஒன்று உண்டு. அது தயாரிக்கும் நொதியத்தின் வேலை, கல்சிட்ரியோலையே அழிப்பது. அதாவது வேலை தொடங்கியதுமே அதை நிறுத்துவதற்கான ஏற்பாடும் கூடவே தொடங்குகிறது. விற்றமினைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள் இந்த நொதியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பரவலான எண்ணம், விற்றமின் டி என்பின் நண்பன் என்பது. பெல்ஜியத்தின் லூவெனில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு அதை ஆட்டிவிட்டது. எலிகளின் குடலில் மட்டும் இந்த வாங்கியை நீக்கினார்கள். உணவிலிருந்து கல்சியம் ஏறவில்லை. கல்சிட்ரியோல் உயர்ந்தது. அது என்பிலுள்ள வாங்கிகளை ஏவி, என்பிலிருந்த கல்சியத்தை இரத்தத்துக்கு எடுத்தது. புதிதாக என்பில் கல்சியம் படிவதையும் தடுத்தது. இரத்தக் கல்சியம் அசையாமல் நின்றது, என்புகள் இற்றுப்போயின. வாங்கி காவல் காப்பது இரத்தக் கல்சியத்தை. இதயமும் நரம்பும் ஓடுவதற்கு அது வேண்டும். என்பு இரண்டாம் பட்சம்.

வாங்கியே பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மிக அரிது, நெருங்கிய உறவில் மணம்முடித்த குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. நம்மவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம். இந்தக் குழந்தைகளுக்குக் கால்கள் வளைந்து ரிக்கற்ஸ் என்ற என்பு நோய் வரும். இரத்தத்தைச் சோதித்தால் கல்சிட்ரியோல் குறைவாக இராது. சாதாரண அளவைவிடப் பல மடங்கு இருக்கும். வெயிலோ மீனெண்ணெயோ குளிசையோ உதவாது. 1978இல் இப்படியான நோய் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, பாதிக்கப்பட்ட இரண்டு குடும்பங்களில் டிஎன்ஏயின் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டார்கள். இரண்டு விகாரங்களும் நான் சொன்ன அந்த நாக விரல்களில்.

பிரான்சில் இந்த நோய்க்கு மாதக்கணக்கில் இரவு முழுவதும் நாளத்தின் வழியே கல்சியம் ஏற்றினார்கள். என்புகள் குணமாயின. 1986இல் அந்தப் பெறுபேறு வெளியாயிற்று. கல்சியத்தை உள்ளே கொண்டுவருவதுதான் என்பு விடயத்தில் வாங்கியின் பிரதான பணி, வேறு வழியால் கொண்டுவந்தாலும் என்பு ஏற்றுக்கொள்ளும் என்பது அதிலிருந்து தெளிவானது. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தலைமுடி இருக்காது. சிலருக்குப் பிறந்து சில மாதங்களில் புருவம், இமைமயிர் எல்லாம் உதிர்ந்துவிடும். என்பு குணமானபோதும் முடி திரும்ப முளைக்கவில்லை. 1997இல் டோக்கியோவிலும் பொஸ்டனிலும் தனித்தனியே வாங்கி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அங்கும் அதே கதை. கல்சியமும் லக்ரோசும் மிகுந்த உணவு கொடுத்ததும் என்பு சீரானது, உடலோ மொட்டையாகவே இருந்தது. வெறும் விற்றமின் டி குறைபாட்டில் இப்படி முடி உதிராது. 2005இல் பொஸ்டனின் மேரி டிமேயின் குழு, கல்சிட்ரியோலைப் பிடிக்க முடியாதபடி மாற்றப்பட்ட வாங்கியை அந்த எலிகளின் தோற்கலங்களில் மட்டும் வைத்தது. முடி முளைத்தது.

இந்தப் பரிசோதனையைச் சற்று யோசித்துப் பாருங்கள். விற்றமின் டி வாங்கி, விற்றமின் டியைத் தொடாமலேயே ஒரு வேலையைச் செய்கிறது. நாம் அதற்கு வைத்த பெயர் அதன் முழு வேலைக்கும் பொருந்தவில்லை. இன்னும் உண்டு. குடலில் நுண்ணங்கிகள் பித்தத்திலிருந்து உண்டாக்கும் லித்தோகோலிக் அமிலம் நச்சுத்தன்மையானது. அதையும் இந்த வாங்கி பிடித்து, அதைச் சிதைக்கும் நொதியத்தைத் தூண்டுகிறது என்று 2002இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு லாம்ப்ரே என்ற தாடையற்ற மீனிலும் இதே வாங்கி இருப்பது தெரிந்தது. அந்த மீன் நம் சந்தைக்கு வருவதில்லை. வந்தாலும் முள் எடுக்கும் வேலை இருக்காது, ஏனென்றால் கல்சியம் ஏறிய என்பே அதற்குக் கிடையாது. என்பு தோன்றுமுன்பே வாங்கி இருந்திருக்கிறது. கல்சியம் பிறகு வந்த உத்தியோகம்.

இனி நோய்த்தொற்று. 2020 ஒக்டோபரில் இந்த மீன் சந்தையின் பெயர் நாள்தோறும் செய்தியில் அடிபட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேலியகொடைக் கொத்தணி என்று சொல்லி ஊரையே ஒதுக்கி வைத்த நாட்கள் அவை. அப்போது ஃபார்மசிகளில் விற்றமின் டி குளிசையைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு வேர் இல்லாமலில்லை. 2006இல் கலிபோர்னியாவில் ரொபர்ட் மொட்லினின் குழு, காசநோய்க் கிருமியைச் சந்திக்கும் பெருவிழுங்கிக் கலம் தானே கல்சிட்ரியோலைத் தயாரித்து, தன் வாங்கியைக் கூட்டி, கதெலிசிடின் என்ற கிருமிகொல்லிப் புரதத்தை உண்டாக்குவதைக் கண்டது. மனிதருக்கும் குரங்கினத்துக்கும் மட்டுமே அந்தப் பரம்பரையலகின் அருகில் இந்த வாங்கிக்கான இருக்கை உண்டு, எலிக்கு இல்லை. எலியை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டிருக்கவே முடியாது.

ஆனால் கலத்தில் நடப்பது ஊரில் நடக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம் 1959இல் ஒன்றை நிரூபித்தது: மருந்தை ஒழுங்காக எடுத்தால், வீட்டில் ஏழ்மையில் இருக்கும் நோயாளியும் காற்றும் வெயிலும் நல்ல சாப்பாடும் உள்ள சானற்றோரிய நோயாளி அளவுக்குக் குணமடைகிறார். அதே நிலையத்தைச் சேர்ந்த பி. செல்வராஜும் சகாக்களும் 2000இல், இந்த வாங்கியின் பரம்பரையலகு வேறுபாடுகளுக்கும் தென்னிந்தியப் பெண்களின் காசநோய்க்கும் தொடர்பிருப்பதாக எழுதினார்கள். மேற்கு லண்டன் குஜராத்தியரிடம் அப்படியொரு தொடர்பும் விற்றமின் குறைவும் சேர்ந்து காணப்பட்டதாக அதே ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு காசநோயாளர்களுக்கு மருந்தோடு விற்றமின் டியையும் கொடுத்துப் பார்த்த இந்தியச் சோதனை 2015இல் வெளியானபோது, சளியிலிருந்து கிருமி மறையும் காலம் அதனால் குறையவில்லை. மொங்கோலியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த 2020ஆம் ஆண்டின் பெரிய சோதனையிலும் தொற்றுத் தடுக்கப்படவில்லை. கொவிட் காலத்தில் பிரித்தானியாவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த சோதனையும் கைவிரித்தது. அமெரிக்காவில் 25,871 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த வைற்றல் ஆய்வில் புற்றுநோய் குறையவில்லை, இதயநோய் குறையவில்லை, என்பு முறிவும் குறையவில்லை.

என் வாசிப்பு இது. இந்தச் சோதனைகளில், அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமாவது, கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருடைய வாங்கிகளுக்குத் தேவையானது ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தது. நிறைந்த குழிக்குள் மேலும் ஊற்றினால் வழிந்தோடும். அழிக்கும் நொதியமும் காத்திருக்கிறது. உண்மையிலேயே வறண்டு கிடப்பவர்களின் கதை வேறு. கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. நோர்வேயில் இருப்போர் பெரும்பாலும் நம் தமிழர்தான். கண்டிக்காரரின் இரத்த அளவு தெளிவாகக் கூடுதலாக இருந்தது. நம் தோலும் பரம்பரையலகுகளும் விமானத்தில் மாறவில்லை, வெயில்தான் மாறியது. அங்கே கர்ப்பிணியாக இருக்கும் நம் பிள்ளைக்கு வைத்தியர் குளிசை எழுதித் தந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லாதீர்கள். இங்கே இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: 2024இல் அமெரிக்க அகஞ்சுரப்பியியல் சங்கம், சுகமாக இருக்கும் வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக அந்தச் சோதனை செய்ய வேண்டாம் என்று எழுதிவிட்டது. மில்லிலீற்றருக்கு 30 நனோகிராம் என்ற பழைய எல்லைக்கோட்டையும் கைவிட்டது. வெள்ளவத்தையில் இந்தச் சோதனை செய்யும் ஆய்வுகூடங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

கடைசியாக, நம் நாட்டுக்கே உரிய ஒன்று. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில், பதவியா, மெதவாச்சிப் பக்கங்களில், காரணம் தெளிவுபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகிறது. அவர்கள் நாள் முழுக்க வயல்வெயிலில் நிற்பவர்கள். தோல் விற்றமினைத் தயாரிக்கும், ஈரலும் தன் பங்கைச் செய்யும். இரண்டாவது ஹைட்ரொக்சிலைச் சேர்க்கத்தான் நோய் முற்றிய சிறுநீரகத்தில் சக்தி இல்லை. குடலில் வாங்கி வெறும் குழியோடு இருக்கிறது. பராதைரொயிட்டில் அடக்குவாரில்லாமல் ஓமோன் பெருகி என்பை அரிக்கிறது. இவர்களுக்கு எத்தனை மீன் கொடுத்தும் எத்தனை வெயில் காட்டியும் பயனில்லை. இதற்காகவே ஆக்கப்பட்ட மருந்து அல்ஃபாகல்சிடோல். சிறுநீரகம் சேர்க்க வேண்டிய ஹைட்ரொக்சில் அதில் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். மீதியை ஈரல் பார்த்துக்கொள்ளும். ஒரு குளிசையில் கால் மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் வாங்கிக்கு அது போதும். எவ்வளவு தயாரிப்பது என்று சிறுநீரகம் வைத்திருந்த கட்டுப்பாடு இதில் இல்லை. ஆகவே இந்தக் குளிசையைத் தொடங்கியவர்கள் சொன்ன தவணையில் இரத்தக் கல்சியத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் வாந்தியும் மலச்சிக்கலும் தலைமயக்கமும் வரும். அப்படி வந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

கேள்விகள் இருந்தால், பின்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.